மூன்று தண்ணீரில் கழுவிய முட்டை

வாத்து விடியற்காலையில் முட்டையிடும். சில வாத்துகள் எட்டு மணி வரை இழுக்கும். அதற்கு முன்பு கூண்டைத் திறந்துவிட்டால், போகிற வழியிலோ தண்ணீருக்குள்ளோ போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். ஆகையால் எட்டரைக்கு முன் கூண்டைத் திறக்கக் கூடாது. நான் வேலை பார்த்த கடையையோ எட்டு மணிக்குத் திறந்தாக வேண்டும். எழுபதுகளின் கடைசியில், அரியலூரில், என் வாழ்க்கையின் பெரிய சிக்கல் இதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா ஏழு மணிக்கே நடவுக்கோ களையெடுப்புக்கோ போய்விடும். கடையில் காலைச் சாப்பாட்டுக்கு ஒன்பது மணிக்கு அரை மணி நேரம் விடுவார்கள். கடையிலிருந்து எங்கள் காலனிக்கு சைக்கிளில் எட்டு நிமிஷம். திரும்ப எட்டு. மீதிப் பதினாலு நிமிஷத்தில் கூண்டைத் திறந்து, வைக்கோலுக்குள் கைவிட்டு முட்டைகளைப் பொறுக்கி, பதினோரு வாத்துகளையும் பின்பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குழிக்கு ஓட்டிவிட வேண்டும். கல் வெட்டி எடுத்துவிட்டுப் போன குழி அது. மழைத் தண்ணீர் வைகாசி வரை கிடக்கும். பழையதை நின்றுகொண்டே குடித்துவிட்டு சைக்கிளை மிதிப்பேன். சாயங்காலம் வாத்துகள் தாமாகவே வரிசை கட்டித் திரும்பிவிடும். அம்மா தவிட்டைப் பிசைந்து வைத்துக் கூண்டைச் சாத்தும்.

அந்த வாத்துகளைத் திருமானூர்ப் பக்கம் அறுவடை வயலில் மேய்த்துக்கொண்டிருந்தவர்களிடம், கால் சூம்பிய குஞ்சுகளாக வாங்கி வந்தேன். கூட்டத்தோடு நடக்க முடியாதவற்றை அவர்கள் கழித்துவிடுவார்கள். பதினாலில் மூன்று செத்தன. மேய்ப்பவர் ஒருவர் போகும்போது இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, முட்டை போடும் முன் திறந்துவிடாதே. இன்னொன்று, அடைக்கு வைக்கிற முட்டைக்குத் தண்ணி காட்டாதே.

கடை நாட்டு மருந்துக் கடை. கடைத்தெருவில் பத்தடி அகலம், உள்ளே நாற்பதடி நீளம். முன்னால் முதலாளி. பின்கட்டில் நான். சுக்கு, திப்பிலி, கடுக்காய், அதிமதுரம் என்று வருகிற சரக்கைப் புடைத்து, காயவைத்து, இரும்பு உரலில் இடித்து, சலித்து, பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டுவது என் வேலை. எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். அதனால் பொட்டலத்தின் மேல் மருந்தின் பெயரை எழுதுவதும் நான்தான். கட்டும் முன் தாளைப் படித்துவிடுவேன். எந்தச் செய்தியும் முழுதாக இருக்காது.

முதலாளிக்கு ஐம்பது வயது இருக்கும். சத்தம் போட மாட்டார். நான் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தபோது அவரே சூரணம் கொடுத்தனுப்பினார். வெள்ளிக்கிழமைகளில் சிறுவாச்சூர் கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் எனக்கும் குங்குமம் தருவார். என் உள்ளங்கைக்கு அரையடி மேலே அவர் விரல்கள் நிற்கும். அங்கிருந்து குங்குமம் விழும். காற்றடிக்கும் நாளில் பாதி தரைக்குப் போகும். நல்ல மனுஷன் என்று ஊரில் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கம் மூலத்துக்கு வாத்து முட்டை சாப்பிடுவார்கள். கேட்க வருகிறவர்கள் நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். கூட்டம் கலையும் வரை கடுக்காயைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள்.

“அண்ணே, அந்த முட்டை இருக்கா?”

“எந்த முட்டை?”

“அதாண்ணே, உக்காரறதுக்கு.”

“உக்காரறதுக்கு நாற்காலில்ல வேணும்,” என்பார் முதலாளி. அது அவருக்குப் பிடித்த நகைச்சுவை. வாரத்துக்கு நான்கு முறையாவது சொல்வார்.

என்னிடம் வாத்து இருப்பது தெரிந்ததும் முட்டையைக் கடைக்கே கொண்டுவரச் சொன்னார். எனக்கு வசதியாகப் போயிற்று. சாப்பாட்டு வேளையில் பொறுக்கியதை சைக்கிள் கைப்பிடியில் தொங்கும் தூக்குச்சட்டியில் தவிடு போட்டு, உடையாமல் கொண்டுவந்துவிடலாம். முதல் நாள் ஏழு முட்டை. முதலாளி அதைக் கையில் வாங்கவில்லை. “கெணத்தடில வை” என்றார். பிறகு தராசுத் தட்டு தேய்க்கிற புளியைக் கரைத்து, தேங்காய் நாரால் ஒவ்வொரு முட்டையாகத் தேய்த்தார். அடுத்து வெறும் தண்ணீர். அதற்கடுத்து மஞ்சள் கரைத்த தண்ணீர். துடைத்து ஓலைத்தட்டில் அடுக்கியபோது சுண்ணாம்படித்தது போல இருந்தன.

வாத்து முட்டையில் சேறும் எச்சமும் இருக்கும். அதற்காகக் கழுவுகிறார் என்று நினைத்தேன். மறுநாள் நானே வீட்டில் ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்துக் கொண்டுபோனேன். அதையும் கிணற்றடியில் வைக்கச் சொன்னார். அதையும் மூன்று தண்ணீரில் கழுவினார்.

ஊர்த்தெருவிலிருந்து ஓர் அம்மாள் வாரத்துக்கு இரண்டு முறை கோழி முட்டை கொண்டுவந்து போடுவார். அவர் முட்டையில் கோழி எச்சம் காய்ந்து ஒட்டியிருக்கும். சில சமயம் இறகும் இருக்கும். முதலாளி அவற்றை அந்த அம்மாள் கையிலிருந்து வாங்கி நேரே தட்டில் வைப்பார். நான் ஒரு மாதம் கவனித்தேன். ஒரு தடவைகூட ஒரு கோழி முட்டைகூடக் கழுவப்படவில்லை.

கேட்டேன். “கோழி முட்டையக் கழுவ வேணாங்களா மொதலாளி?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை. பாடம் சொல்கிற குரலில் சொன்னார். “காஞ்ச சரக்குக்கு ஒண்ணும் இல்லப்பா. நீ இடிக்கிற சுக்கு, கடுக்கா எல்லாம் காஞ்சது. அதுல எதுவும் ஒட்டாது. முட்டை ஈரம் சேர்ந்தது பாரு.”

நான் இடித்த சூரணத்தை அரியலூர், பெரம்பலூர் வரை எல்லாத் தெருக்காரர்களும் தேனில் குழைத்து நக்கினார்கள். இடிக்கும்போது என் நெற்றி வேர்வை உரலுக்குள் விழும். அதைக் கழுவுவதற்கு வழியில்லை. ஆகவே அதற்கு ஒரு விதி செய்து வைத்திருந்தார்கள்.

வாத்து யாருடையது என்று கேட்பவர்களிடம் முதலாளி, “திருமானூர் வாத்து” என்பார். பொய் என்று சொல்ல முடியாது. குஞ்சுகள் அங்கிருந்து வந்தவைதான். ஒன்றரை வருஷம் இப்படியே போயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை. வேலை வேண்டும். முட்டையும் போக வேண்டும்.

ஒருநாள் செந்துறையிலிருந்து ஒருவர் வந்தார். நிலக்காரர். தன் வைத்தியத்துக்கு முட்டை வாங்கிப் போகிறவர்தான். இந்தத் தடவை அடைக்கு வைக்க ஒன்பது முட்டை கேட்டார். வாத்து சரியாக அடைகாக்காது. கோழிக்கு அடியில் வைத்துத்தான் பொரிக்க வைப்பார்கள். கிணற்று மேட்டில் நாலு வாத்து நின்றால் நத்தையைத் தின்னும் என்றார். முதலாளி தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான் அப்போது பின்கட்டில் சலித்துக்கொண்டிருந்தேன். அடைக்கு என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. எழுந்து போய், ‘அது கழுவினது, வேண்டாம், நாளைக்குப் புதுசு கொண்டுவருகிறேன்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அது என் வீட்டு வாத்து என்பது வெளியே வந்துவிடும். அந்த மௌனம் என் தவறு. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

மாதம் முடிந்து அவர் மஞ்சள் பையோடு வந்து நின்றார். பை உள்ளே வருமுன் நாற்றம் வந்தது. பெருங்காய மூட்டையை அவிழ்த்தபோதுகூட அந்தக் கடையில் அப்படி ஒரு நெடி வந்ததில்லை.

“என்னய்யா குடுத்தீங்க? ஒம்பதும் நாறிப்போச்சு. ரெண்டு கோழிக்கு அடியிலயே வெடிச்சுது. கோழி எந்திரிச்சு ஓடிப்போச்சு.”

“உக்காருங்க. மொதல்ல மோர் சாப்புடுங்க.”

“மோர் கெடக்கட்டும். இங்க பாருங்க.” ஒரு முட்டையை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். “புள்ளி புள்ளியா இருக்கு, தெரியுதா? ஊசி குத்தியிருக்கான். அடுத்தவன் வூட்டுல வாத்து வந்துடக் கூடாதுன்னு எவனோ ஊசி குத்தி வித்திருக்கான். யாரு வாத்து இது?”

கடையில் அப்போது நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லாரும் அந்த முட்டையைப் பார்த்தார்கள். புளி தின்ற ஓடு அது. சொரசொரவென்று குழி விழுந்திருந்தது.

முதலாளி பின்கட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். நான் உலக்கையை வைத்துவிட்டு வந்து நின்றேன்.

“இவன்தாங்க கொண்டாந்து குடுக்கறது. இவன் வூட்டு வாத்து.”

ஒன்றரை வருஷமாக என் வீட்டை அந்தக் கடையில் யாரும் சொன்னதில்லை. முதல் முதலாகச் சொன்னது அப்போதுதான்.

செந்துறைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார். “எங்கிட்ட திருமானூர் வாத்துன்னீங்க.”

“திருமானூர் வாத்துதாங்க. வளக்கறது இவன்.”

“நான் சாப்புட்டதெல்லாம்?”

“எல்லாம் கழுவித்தாங்க வச்சேன். மூணு தண்ணி. புளி போட்டு, மஞ்ச போட்டு, நானே கழுவுனேன். இவனைக் கைய வைக்க வுடல.”

செந்துறைக்காரர் மூச்சை விட்டார். அவர் முகம் இளகியதை நான் பார்த்தேன். “கழுவுனீங்கள்ல. அப்ப உங்க மேல தப்பு இல்ல.”

அந்த ஒன்பது முட்டையையும் எது கெடுத்ததோ அதையே தன் நியாயமாக முதலாளி சொன்னார். கேட்டவரும் அதையே நியாயமாக ஏற்றுக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். முப்பது வருஷம் செய்தித்தாளுக்கு எழுதிவிட்டேன். இவ்வளவு சுலபமாக ஒரு வழக்கு முடிந்ததை வேறெங்கும் பார்க்கவில்லை.

“கழுவுனதுதாங்க தப்பு,” என்றேன்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“முட்டை மேல ஒரு பூச்சு இருக்குங்க. புளி போட்டுத் தேச்சா அது போயிடும். போயிட்டா அழுக்குத் தண்ணி உள்ள எறங்கும். அடையில சூடு பட்டதும் அழுவிடும். சாப்புடறதுக்குன்னா உடனே சாப்புட்டுடலாம், தெரியாது. அடைக்கு ஆவாதுங்க.”

“ஏன்டா,” என்றார் செந்துறைக்காரர், “கழுவுனா சுத்தமாவும். அழுவுமா? நீ தெனம் குளிக்கிறியே, ஒடம்பு அழுவிப்போச்சா?”

சிரித்தார்கள். கடுக்காய் வாங்க வந்த ஒருவர், “தெனம் குளிக்கிறானோ என்னமோ” என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

“நாளைக்குக் காலையில போடற முட்டை ஒம்பது தரேன். கழுவாம அப்படியே கோழிக்குக் கீழ வைங்க. இருபத்தெட்டு நாள். பொரிக்கலன்னா வந்து கேளுங்க.”

“உன் வூட்டுலேந்து நேரா என் வூட்டுக்கா?” என்றார். முதலாளி பக்கம் திரும்பி, “என்ன பேச்சு பேசறான் பாருங்க,” என்றார்.

அதோடு முடிந்தது. நான் குற்றவாளி இல்லை என்று காட்ட ஒரே ஒரு வழி இருந்தது. கழுவாத முட்டையை அவர் வீட்டுக்குள் எடுக்க வேண்டும். அதுதான் அவரால் முடியாதது.

அவர் போன பிறகு முதலாளி ஊதுவத்தி கொளுத்திக்கொண்டே கேட்டார். “நீ ஏன்டா எதுத்துப் பேசுன?”

“நான் ஊசி குத்தலங்க.”

“எனக்குத் தெரியாதா?”

“தெரியும்னா அவருகிட்ட சொல்லியிருக்கலாம்ல மொதலாளி.”

“சொல்லி? புளி போட்டவன் நான்தான. எம்மேல வரும்.” ஊதுவத்தியைக் கடுக்காய் மூட்டையில் செருகினார். “நாலு நாள்ல மறந்துடுவாங்க. போ, சுக்கைப் பாரு.”

மறக்கவில்லை. வாரத்துக்குள் டீக்கடையில் எனக்கு ‘ஊசி’ என்று பெயர் விழுந்தது. நடவு வயலில் ஒருத்தி அம்மாவிடம், “ஒம்மவன் ஊசிய எங்க வச்சிருக்கான், கோணியிலயா, சட்டையிலயா?” என்று கேட்டிருக்கிறாள். அம்மா, “ஒன் வாயத் தைக்கத்தான் வச்சிருக்கான்” என்று சொல்லிவிட்டு வந்தது. அடுத்த வாரம் அந்த வயலுக்கு அம்மாவைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வாரமும் கூப்பிடவில்லை.

“ஒன் மொதலாளி ஒரு வார்த்தை சொன்னா ஆச்சு,” என்றது அம்மா. “நாந்தான் கழுவுனேன், அதுதான் கெட்டுப்போச்சுன்னு. அவரு சொன்னா கேப்பாங்க. நீ சொன்னா எவன் கேப்பான்?”

அந்த ஒரு வார்த்தையை அவரிடமிருந்து வாங்க வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டியதில்லை.

பத்து நாள் முட்டை வேண்டாம் என்றிருந்த முதலாளி பதினோராம் நாள், “நாளைக்குக் கொண்டா, கேக்கறாங்க” என்றார். கொண்டுபோனேன். புளி இரண்டு பங்காகியிருந்தது.

நான் வீட்டில் ஒரு சோதனை செய்தேன். பக்கத்து வீட்டில் அடைக்கு உட்கார்ந்திருந்த கோழியை இரவல் வாங்கினேன். நாலு முட்டையை முதலாளி செய்கிறபடியே புளி, வெறும் தண்ணீர், மஞ்சள் என்று கழுவி, கரித்துண்டால் குறி போட்டேன். நாலைக் கழுவாமல் எடுத்தேன். அம்மா கூடையைப் பார்த்துவிட்டு, “எட்டு வைக்கக் கூடாதுடா, ஒத்தையா வை” என்றது. கழுவாதது ஒன்று சேர்த்து ஒன்பதாக்கினேன்.

பதினெட்டாம் நாள் குறி போட்டது ஒன்று வெடித்தது. நான் மற்றவற்றை உடனே எடுத்துத் துடைத்து, வைக்கோலை மாற்றி வைத்தேன். இருபத்தெட்டாம் நாள் குஞ்சு பொரிந்தது. கழுவாத ஐந்தில் நாலு பொரிந்தன. ஒன்று ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தது. கழுவின நாலில் ஒன்று வெடித்தது, இரண்டு அழுகிப்போயின, ஒன்று பொரிந்தது. ஆமாம், கழுவினதிலும் ஒன்று பொரிந்தது. அதை மறைக்கவில்லை.

ஐந்து குஞ்சுகளையும் கூடையில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். அழுகின இரண்டையும் தனியே ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டேன். முதலாளி அப்போதுதான் கடையைப் பெருக்கச் சொல்லி உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை வைத்தேன், எப்படிக் கழுவினேன், எது என்ன ஆனது என்று வரிசையாகச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். ஒரு குஞ்சைக் குனிந்து பார்த்தார். அழகாக இருக்கிறது என்றார்.

“சரிடா. நீ சொன்னதுதான் சரி. இனிமே அடைக்குன்னு கேட்டா மட்டும் கழுவாம குடுத்துடலாம்.”

“செந்துறைக்காரரு வந்தா சொல்றீங்களா?”

“என்னன்னு?”

“இவன் ஊசி குத்தல, நான் கழுவுனதால கெட்டுதுன்னு.”

அவர் கல்லாப்பெட்டியின் மூடியைத் திறந்து, எதுவும் எடுக்காமல் மூடினார். “அவருக்கு இப்பதான் கோவம் ஆறியிருக்கு. அதைப் போயி ஏன் கெளறிக்கிட்டு. அடைக்குக் கழுவாம குடுக்கும்போதும் உன் வூடுன்னு சொல்லிக்க வேணாம், என்ன? திருமானூர்தான்.”

தனக்குத் தெரியாது என்று அவர் சொல்லியிருந்தால் என் கோபம் எப்போதோ ஆறியிருக்கும். தெரிந்துகொண்டார். ஒப்புக்கொண்டார். குஞ்சைப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகும் திருமானூர்தான் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை சாத்தியதும் செந்துறை பஸ் ஏறினேன். கூடையை மடியில் வைத்துத் துண்டால் மூடியிருந்தேன். குஞ்சுகள் கத்தின. கண்டக்டர், “என்ன கச்சேரியா?” என்றார். வழியெல்லாம் சோளக்கொல்லை, அப்புறம் கடலை, அப்புறம் வெறும் பொட்டல். செந்துறைக்காரரிடம் என்ன சொல்வது என்று வரிசை போட்டு வைத்திருந்தேன்.

அவர் வீட்டில் இல்லை. ஜெயங்கொண்டம் போயிருந்தார். கொல்லைப்பக்கம் அவர் மனைவி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வேலிக்கு வெளியே நின்று விஷயத்தைச் சொன்னேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு வேலியருகே வந்தார்.

“நீதானா அது?” என்றார். பிறகு, “எத்தன நாள்ல பொரிச்சுது?”

“இருபத்தெட்டுங்க.”

“கழுவுனது எத்தன வெடிச்சுது?”

“ஒண்ணு வெடிச்சுது. ரெண்டு அழுவிச்சு. ஒண்ணு பொரிச்சுது.”

தலையாட்டினார். “எனக்கும் இருபதாம் நாளே நாத்தம் வந்துடுச்சு. நாம கோழி முட்டையக் கழுவியா வைக்கிறோம், இது ஏன் வெள்ள வெளேர்னு இருக்குன்னு அன்னிக்கே கேட்டேன். ஒனக்கென்ன தெரியும்னுட்டாரு.”

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அரியலூர்க் கடையில் அன்று சிரித்தவர்களில் ஒருவருக்கும் புரியாதது, ஒன்பது முட்டைக்குப் பக்கத்தில் ஒரு மாதம் இருந்த அந்த அம்மாளுக்கு, நான் சொல்லாமலே புரிந்திருந்தது.

“அப்ப அவருகிட்ட நீங்க சொல்லுங்கம்மா.”

“நான் எப்படிச் சொல்றது? யாரு சொன்னா, எங்க பாத்தேன்னு கேப்பாரு. ஒன்னைய வேலிகிட்ட நிக்க வச்சுப் பேசுனேன்னு தெரிஞ்சா அதுக்கு வேற பேச்சு.” துண்டை விலக்கச் சொல்லிக் குஞ்சுகளைப் பார்த்தார். “ரெண்டு குடுத்துட்டுப் போறியா? சந்தையில வாங்குனேன்னு சொல்லிக்கிறேன்.”

“சந்தையில வாங்கலீங்களே.”

“அதுக்கென்ன இப்ப?”

“எங்க வூட்டு வாத்துன்னு சொல்லி வாங்கறதுன்னா அஞ்சையும் சும்மாவே குடுத்துட்டுப் போறேங்க. சொல்லாம ஒண்ணுகூடக் குடுக்க முடியாது.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். “கோவமா?”

“ஆமாங்க.”

“இருக்கும்,” என்றார். வாளியை எடுத்துக்கொண்டு மாட்டுப் பக்கம் போய்விட்டார். நான் ஐந்து குஞ்சுகளோடு திரும்பினேன்.

மறுநாள் காலை வெறும் தூக்குச்சட்டியோடு கடைக்குப் போனேன். முதலாளி கேட்டதற்கு இன்று முட்டை இல்லை என்றேன். பதினோரு மணி சுமாருக்கு ஒருவர் வந்து கடுக்காயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அந்த முட்டை இருக்குங்களா?” என்றார்.

“இன்னிக்கி இல்லீங்க,” என்றார் முதலாளி. “வாத்துக்காரன் வரல.”

அப்போது நான் அவருக்கு இரண்டு கை தூரத்தில் நின்று அதிமதுரப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“வந்திருக்கேங்க,” என்றேன். “வாத்துக்காரன் நான்தான். காலனியில கடைசி வூடு. முட்டை அங்க இருக்கு, வேணும்னா வாங்க. இங்க வித்ததெல்லாம் எங்க வூட்டு முட்டைதான். செந்துறைக்காரருக்குக் கெட்டுப்போனது இவரு புளி போட்டுக் கழுவுனதால. நான் ஊசி குத்தல. பொரிச்ச குஞ்சு வூட்டுல இருக்கு, பாக்கலாம்.”

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கடையில் ஆறு பேர் இருந்தார்கள். முட்டை கேட்டவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு இறங்கிப் போனார். முதலாளி சத்தம் போடவில்லை. மாலை வரை வேலை வாங்கினார். கடை சாத்தும்போது, “நாளைலேந்து வேணாம்பா” என்றார். சைக்கிள் கடையுடையது. சாவியைக் கேட்டுக் கையை நீட்டினார். சாவியை அவர் கையில் கொடுக்கவில்லை, பலகையில் வைத்தேன். அது மட்டும்தான் என்னால் செய்ய முடிந்தது.

முட்டை வாங்க எங்கள் தெருமுனை வரை சிலர் வந்தார்கள். அங்கேயே நின்று, “ஏ, நாலு முட்டை எடுத்தா” என்று குரல் கொடுப்பார்கள். அம்மா வாத்துகளுக்கு நத்தை உடைத்துக்கொண்டே, எழுந்திருக்காமல், “வாத்து இங்கதான் இருக்கு, வந்து வாங்கிக்கச் சொல்லு” என்னும். பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். மற்றவர்கள் வீடு வரை வந்தார்கள். வைக்கோலும் எச்சமும் ஒட்டிய முட்டையை அம்மா அப்படியே கையில் வைக்கும். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்கள். வலி அதிகமாக இருந்திருக்க வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் நான் ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பத் தொடங்கியிருந்தேன். குடிநீர்ப் பிரச்சினை ஒன்றுக்காகச் செந்துறை போய், பஸ் நிறுத்தத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த பெரியவர் பேச்சுவாக்கில், அரியலூரில் ஒருவன் வாத்து முட்டையில் ஊசி குத்தி விற்ற கதையைச் சொன்னார். நன்றாகவே சொன்னார். ஊசியின் நீளத்தைக் கட்டை விரலால் காட்டினார். குத்திய இடத்தை அவன் மெழுகு வைத்து அடைத்தானாம்.

“அது நான்தாங்க,” என்றேன். “அப்படி எதுவும் நடக்கல.”

அவர் கொஞ்சம் விலகி உட்கார்ந்து என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் பகையில்லை, ஆர்வம்தான் இருந்தது.

“அப்படியா தம்பி? மெழுகு எங்க வாங்குன?”

புளியிலிருந்து தொடங்கி அவருக்குச் சொன்னேன். ஒன்பது முட்டைக்கு வருவதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது.